பேப்பர் கிளிப்பில் ஓடிய எஸ்.எம்.பி.எஸ்., பட்டனுக்கு எழும்பாத கம்ப்யூட்டர்: குளச்சலில் ஒரு நிகழ்வு ஆய்வு

குளச்சல் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையின் டெஸ்க்டாப் இது. பட்டா நகல், வில்லங்கச் சான்று, தேர்வு விண்ணப்பம் என்று கடையின் பாதி வேலை இந்த ஒரு மிஷினில்தான் நடக்கிறது. எச்81 மதர்போர்டு, கோர் ஐ3 4130 பிராசசர், 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும் பெட்டியாக, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண எஸ்.எம்.பி.எஸ். முந்தைய நாள் மாலை கடை அடைக்கும்வரை ஒழுங்காக ஓடியிருக்கிறது. இரவு மழையில் கரண்ட் போய், விடியும் முன் வந்திருக்கிறது. கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "காலத்த வந்து சுச்சப் போட்டேன், ஒரு அனக்கமும் இல்ல."

ஃபேன் சுற்றவில்லை, முன்பக்க விளக்கு எரியவில்லை, பீப் சத்தமும் இல்லை. போர்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அந்த மங்கல்தான் இந்த நிகழ்வின் முதல் தடயம். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஏற்கெனவே ஒரு மெக்கானிக் பார்த்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்திருக்கிறார். போர்டு இல்லாமலே எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஓடவைக்கும் வழி அது. ஃபேன் சுற்றியது. "எஸ்.எம்.பி.எஸ். நல்லா இருக்கு, போர்டு போச்சு" என்று தீர்ப்பு. இது நான்காம் தலைமுறைப் பழைய போர்டு. புதிய தலைமுறை போர்டு போட்டால் பிராசசரும் ராமும் சேர்ந்து மாற வேண்டும். தீர்ப்பு தவறினால் ஒரு சின்ன கடைக்குப் புது மிஷின் வாங்கும் செலவு வந்து விழும். அதனால்தான் இந்த ஒரு சோதனையை நம்பி முடிவெடுப்பது இவ்வளவு ஆபத்து.

தொடுவதற்கு முன்

சுவர் சாக்கெட்டில் 228 வோல்ட் இருந்தது. பவர் கார்டை மாற்றிப் பார்த்தோம், மாற்றமில்லை. எஸ்.எம்.பி.எஸ். பின்புற ராக்கர் சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். துடைக்கும்போது யாராவது அதை 115-க்குத் தள்ளியிருந்தால், கரண்ட் கொடுத்த மறுகணமே உள்ளே வெடிக்கும். இதில் அந்த சுவிட்ச் இல்லை.

அடுத்து பவர் பட்டன். கடலோரத்தில் இதைத் தாண்டிப் போகவே கூடாது. உப்புக்காற்றில் பட்டனுக்குள் இருக்கும் செம்புத் தகட்டில் களிம்பு பிடித்து, அழுத்தினாலும் தொடர்பு கிடைக்காமல் போவது வழக்கம். சில நேரம் நேர்மாறாக, ஈரக் காலையில் அழுத்தாமலே கசிந்து, மிஷின் தானே எழுந்து தானே அணையும். சோதிக்க எளிய வழி, முன்பக்கப் பேனல் பின்களில் 6-ஐயும் 8-ஐயும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுவது. பெரும்பாலான போர்டுகளில் பவர் சுவிட்ச் இந்த இரண்டு பின்கள்தான். சந்தேகம் இருந்தால் போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். இங்கே பின்னைத் தொட்டும் அசைவில்லை. பட்டனின் மின்தடையும் அழுத்தும்போது அரை ஓமுக்குள் இருந்தது. பட்டன் குற்றவாளி இல்லை.

சிமாஸ் பேட்டரி 2.96 வோல்ட் காட்டியது. மிஷின் எழும்பாவிட்டால் பலரும் முதலில் மாற்றுவது காசு வடிவில் இருக்கும் இந்த சி.ஆர்.2032 பேட்டரியைத்தான். அது தீர்ந்தால் தேதி மாறும், பயாஸ் அமைப்பு அழியும். பவரே வராமல் தடுப்பது அபூர்வம்.

ஸ்டாண்ட்பை வோல்டேஜ்: மாட்டியபடியே அளக்க வேண்டும்

டெஸ்க்டாப்களில் வழக்கமாக இருக்கும் ஏ.டி.எக்ஸ். வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் உண்மையில் இரண்டு சப்ளைகள் இருக்கின்றன. சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரம் முழுக்க ஓயாமல் வேலை செய்யும் சின்ன 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சப்ளை ஒன்று. பட்டன் அழுத்திய பிறகு மட்டும் எழும் 12, 5, 3.3 வோல்ட் பெரிய சப்ளை இன்னொன்று. ஸ்டாண்ட்பைதான் போர்டின் விழித்திருக்கும் பகுதியை உயிரோடு வைக்கிறது. பட்டன் அழுத்தப்பட்டதை உணர்ந்து, பச்சை ஒயரைத் தரையோடு, அதாவது கறுப்பு ஒயரோடு, சேர்த்து, "பெரிய சப்ளையை எழுப்பு" என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சொல்வது அந்தப் பகுதிதான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கத் துளை வழியாக மீட்டர் முனையை இறக்கி அளந்தோம். கறுப்பு முனை கேபினெட் ஸ்க்ரூவில். ஊதா ஒயர், அதாவது 9-ஆம் பின், 3.6 வோல்ட் காட்டியது. நிலையாக நிற்காமல் ஆடியது. இருக்க வேண்டியது 4.75-க்கும் 5.25-க்கும் இடையில். பச்சை ஒயர், 16-ஆம் பின், 3.5 வோல்ட். பட்டனை அழுத்தினாலும் அது இறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கிவிடுவார்கள். பச்சை ஒயர் இறங்கவில்லை என்றால் போர்டு கட்டளை கொடுக்கவில்லை, அதனால் போர்டு கெட்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் போர்டு கட்டளை கொடுக்க அதற்கு உணவு வேண்டும். ஊதா ஒயரில் வரும் 5 வோல்ட்டை ஒரு சின்ன ரெகுலேட்டர் 3.3 வோல்ட்டாகக் குறைத்துத்தான் பட்டனைக் கவனிக்கும் சிப்செட்டுக்கும் ஐ.ஓ. சிப்புக்கும் கொடுக்கிறது. இந்த வகை ரெகுலேட்டருக்கு, கொடுக்கும் வோல்டேஜைவிட ஏறத்தாழ 1 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். 3.6 வந்தால் வெளியே இரண்டரை அளவில்தான் கிடைக்கும். அந்த அளவில் சிப் விழிக்காது. நல்ல போர்டும் செத்த போர்டு போலவே கிடக்கும்.

பிறகு 24 பின் கனெக்டரைக் கழற்றி, அதே ஊதா ஒயரைத் தனியாக அளந்தோம். 5.06 வோல்ட், ஆடாமல். பேப்பர் கிளிப் போட்டு, ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை லோடாக, அதாவது கரண்ட் இழுக்கும் பொருளாக, மாட்டி அளந்தபோது 12.08, 5.06, 3.35. எல்லாம் சரியான எல்லைக்குள். முந்தைய மெக்கானிக் பார்த்தது பொய்யில்லை. பெரிய சப்ளை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் பேப்பர் கிளிப் சோதிப்பது அந்தப் பெரிய சப்ளையைத்தான். ஸ்டாண்ட்பை சப்ளைக்கு அதில் பரீட்சையே இல்லை. மீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. துருப்பிடித்து அடைத்த பைப்பிலும் குழாய்த் திருகு மூடியிருக்கும்வரை முழு அழுத்தம் தெரிவது மாதிரிதான் அந்த 5.06.

எஸ்.எம்.பி.எஸ்.ஸா, போர்டா?

மாட்டினால் 3.6, கழற்றினால் 5.06. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஸ்டாண்ட்பை சப்ளை வலுவிழந்திருக்கலாம். அல்லது போர்டில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகி, அளவுக்கு மீறி இழுத்து, நல்ல சப்ளையையே கீழே இறக்கியிருக்கலாம். மீட்டர் மட்டும் இதைப் பிரித்துச் சொல்லாது. தெரிந்த அளவு லோடு ஒன்று வேண்டும்.

வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு போதும்: 10 ஓம் 10 வாட் ஒன்று, 4.7 ஓம் 10 வாட் ஒன்று. போர்டைத் தொடாமல், ஊதாவுக்கும் கறுப்புக்கும் இடையில் 10 ஓம் போட்டால் அரை ஆம்பியர் இழுக்கும். 4.7 ஓம் போட்டால் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல். 5 வாட்டுக்கும் கூடுதலான சூடு அதில் எழும் என்பதால் விரலையும் மேஜை விரிப்பையும் தள்ளி வைக்க வேண்டும். இந்த எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் ஸ்டாண்ட்பைக்கு 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அப்படியானால் இரண்டு ரெசிஸ்டரையும் அது சிரமமில்லாமல் தாங்க வேண்டும்.

10 ஓமில் 3.7 வோல்ட். 4.7 ஓமில் 2 வோல்ட் அளவுக்கு விழுந்து, உள்ளே டிக் டிக் என்று மெல்லிய சத்தம். நன்றாக வேலை செய்யும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதே ரெசிஸ்டர்கள் 5.02, 4.96 காட்டின. குற்றம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் என்பது இந்த இடத்தில் உறுதியானது. இரண்டு ரெசிஸ்டரின் விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கும். டெஸ்க்டாப் ரிப்பேர் செய்யும் ஒவ்வொருவர் பெட்டியிலும் இவை இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வோம்.

விடை எதிர்மாறாக வந்திருந்தால்? ரெசிஸ்டரைத் தாங்கிய சப்ளை, போர்டில் மாட்டியதும் விழுந்தால் தேட வேண்டியது போர்டில். குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து சித்திரை வைகாசி இடிமழைக்கும் ஐப்பசி மழைக்கும் பிறகு வரும் மிஷின்களில் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இடி இன்டர்நெட் ஒயர் வழியாக உள்ளே வந்து லேன் சிப்பைப் பொசுக்கும். லேன் சிப் 3.3 வோல்ட் ஸ்டாண்ட்பையில் வேலை செய்வது. அது ஷார்ட் ஆனால் ஸ்டாண்ட்பை முழுவதும் கீழே இறங்கி, குளச்சல் மிஷினில் கண்ட அதே அறிகுறி வரும். பட்டனை அழுத்தாமல், பிளக் மட்டும் போட்டு ஒரு நிமிடம் விட்டு, லேன் துளைக்குப் பின்னால் இருக்கும் சதுரச் சிப்பை விரலால் லேசாகத் தொட்டால் சுடும். அணைந்த நிலையில் அந்தச் சிப் சுட எந்த நியாயமும் இல்லை.

புது எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டுவதற்கு முன் போர்டையும் ஒருமுறை சரிபார்த்தோம். எஸ்.எம்.பி.எஸ். குற்றம் உறுதியான பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். வலுவிழந்த ஸ்டாண்ட்பை தாறுமாறாக ஆடியபோது போர்டையும் கெடுத்திருக்க வாய்ப்பு உண்டு. ஷார்ட் உள்ள போர்டில் புதுச் சப்ளையை மாட்டினால் சேதம் பெருகும். பிளக்கைப் பிடுங்கி, பட்டனைச் சில முறை அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றிவிட்டு, போர்டின் 24 பின் சாக்கெட்டில் ஓம் அளந்தோம். ஊதா பின்னுக்கும் தரைக்கும் இடையில் சில நூறு ஓமுக்கு மேல் இருந்தது. 4 பின் சி.பி.யு. சாக்கெட்டின் 12 வோல்ட் பக்கம் கிலோ ஓம் கணக்கில் இருந்தது. அது பூஜ்யத்தை ஒட்டி இருந்திருந்தால் சி.பி.யு. பக்கத்தில் கரண்டைத் திறந்து மூடும் மாஸ்பெட் ஷார்ட் என்று அர்த்தம். பட்டனை அழுத்தும்போது ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நிற்கும். சி.பி.யு.வுக்கு அருகிலுள்ள காயில்களில் அளந்தால் ஓரிரு ஓம்தான் காட்டும். அது பிராசசரின் இயல்பு. அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்து நல்ல போர்டை ஓரங்கட்டியவர்கள் உண்டு.

உள்ளே என்ன நடந்தது

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறப்பது எல்லோருக்குமான வேலை இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், உள்ளே வரும் கரண்டைச் சீராக்கும் பி.எப்.சி. பகுதி உள்ளதில் 380-க்கு மேல். 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள முனைகளால் இரு கால்களிலும் அரை நிமிடம் வைத்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைப் பார்த்த பின்புதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்க விடுவது கெப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் கேடு.

உள்ளே தூசு ஈரம் குடித்து அடையாக ஒட்டியிருந்தது. சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு, ஸ்க்ரூக்களில் துரு. ஃபியூஸ் நல்லது. அது போயிருந்தால் ஸ்டாண்ட்பையே வந்திருக்காது. ஸ்டாண்ட்பை வெளியீட்டில் இருக்கும் 1000 மைக்ரோபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டும் ஹீட் சிங்கை ஒட்டி நின்றன. ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது; மற்றது பார்வைக்குப் புத்தம் புதிது. கழற்றி அளந்தபோது உப்பியது 310 மைக்ரோபாரட். அழகாக இருந்தது 90, உள்தடை 2 ஓமுக்கு மேல். இந்த அளவு நல்ல கெப்பாசிட்டரின் உள்தடை ஓமில் நூறில் சில பங்குதான் இருக்கும். உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு மூடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் சுவர் கரண்ட் வந்து சேரும் உயர் வோல்டேஜ் பகுதியில், ஸ்டாண்ட்பை ஐ.சி.க்குக் கரண்ட் கொடுக்கும் 47 மைக்ரோபாரட் 50 வோல்ட் பொடிக் கெப்பாசிட்டர் 9 மைக்ரோபாரட்டுக்கு வற்றியிருந்தது. முந்தைய நாள்வரை ஓடிய மிஷின் கரண்ட் போய் வந்ததும் ஏன் எழும்பவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவமான எலக்ட்ரோலைட் சூடாக இருக்கும்வரை கெப்பாசிட்டரின் உள்தடை குறைவு. வற்றிய கெப்பாசிட்டரும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையைத் தள்ளிக்கொண்டு போகும். சில மணி நேரம் கரண்ட் இல்லாமல் ஆறிவிட்டால் உள்தடை ஏறும். முதல் உந்துதலுக்கு வேண்டிய தெம்பு இருக்காது. கடைக்காரர் இரவில் ஷட் டவுன் மட்டும் செய்து, சுவர் சுவிட்சை ஆனிலேயே விட்டுப் போகும் பழக்கம் உள்ளவர். அதனால் அந்த ஸ்டாண்ட்பை பல காலம் ஆறவே இல்லை. மின்சாரம் திரும்பும்போது வரும் அதிர்வு இதைக் கெடுத்தது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. மிகை வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டரும் ஃபியூஸும் முழுசாக இருந்தன.

கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. சாதாரண கெப்பாசிட்டரில் 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று ஆயுள் குறித்திருப்பார்கள். 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். 65 டிகிரியில் வேலை செய்தால் 32,000 மணி நேரம். ஓயாமல் ஓடும் ஸ்டாண்ட்பைக்கு அது மூன்றே முக்கால் வருடம்கூட இல்லை. மிஷின் அணைந்திருக்கும்போது ஃபேனும் நின்றுவிடுவதால் அந்த மூலைக்குக் காற்றும் இல்லை. தினம் 10 மணி நேரம் மட்டும் சுவர் சுவிட்ச் ஆனில் இருந்தால் அதே கெப்பாசிட்டர் எட்டு வருடத்தைத் தாண்டும். இரவில் சுவர் சுவிட்சை அணைத்தால் சிமாஸ் பேட்டரி சற்று சீக்கிரம் தீரும். அதை மாற்றுவது எளிது. இந்தப் பேரம் லாபம்தான்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை 105 டிகிரி, குறைந்த உள்தடை கெப்பாசிட்டர்கள் மூன்று போட்டுச் சரிசெய்ய முடிந்தது, 4.7 ஓமில் 4.94 வந்தது. ஆனாலும் அதை அந்தக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. மற்ற கெப்பாசிட்டர்களும் அதே வயதுதான், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள் போர்டில் உப்பும் ஏறியிருக்கிறது. ஐ.சி. இல்லாமல் டிரான்சிஸ்டரில் ஓடும் மிகப் பழைய ஸ்டாண்ட்பை சர்க்யூட்டுகளில் ஆபத்து இன்னும் பெரிது. அவற்றில் பொடிக் கெப்பாசிட்டர் வற்றினால் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டைத் தாண்டி மேலே ஏறி, மதர்போர்டையே எரித்துவிடும். சரிசெய்த எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் முதலில் 100 வாட் பல்பைத் தொடராக வைத்து எழுப்பி, ரெசிஸ்டர் லோடில் அளந்த பிறகே போர்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும்.

புதியது வாங்கும்போது

இந்த மிஷினின் பிராசசருக்கு 54 வாட் கணக்கு. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மொத்தமாக 100 வாட்டைத் தொடுவதே அரிது. அதனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியையும் ஸ்டாண்ட்பை வரியையும் படியுங்கள். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மட்டும் போட்டுவிட்டு மேலே 450 வாட் என்று எழுதியிருந்தால் அதை வாங்காதீர்கள். ஸ்டாண்ட்பை 2.5 ஆம்பியர் இருந்தால் பிரிண்டர், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் தொங்கினாலும் திணறாது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்படியானது தேடாமலே கிடைக்கிறது.

எர்த்

வேலை செய்யும்போது கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருந்தது. கடைக்காரருக்கு அது பழகிப்போன ஒன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில் உள்ள ஃபில்டரில், பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு ஒவ்வொரு பொடிக் கெப்பாசிட்டர் போகிறது. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் அப்படி மிதக்கும் மிஷினில், வேறு சாக்கெட்டில் ஓடும் ஜெராக்ஸ் மிஷினின் யு.எஸ்.பி. ஒயரைச் செருகினால் போர்ட் போகும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் உண்மையான ஷார்ட் வந்தால் முழு 230 வோல்ட் கேபினெட்டில் நிற்கும்.

இந்த எர்த் குறை ஸ்டாண்ட்பையைக் கெடுக்கவில்லை. இரண்டும் தனித்தனி விஷயம். ஆனாலும் இதைப் பார்க்காமல் புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டிவிட்டுப் போவது சரியில்லை. சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டர் 61 வோல்ட் காட்டி ஆடியது. நல்ல எர்த் இருந்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வந்த 228-ஐ ஒட்டியே இங்கும் வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் பல்பு வைத்து எரிகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எர்த் எங்கோ அறுந்திருந்தால், பல்பு வழியாகப் போகும் பேஸ் கடையிலுள்ள எல்லா இரும்பு உடம்பிலும் ஏறிவிடும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. அவர் வந்து தோண்டிப் பார்த்தபோது எர்த் குழியில் துத்தநாகம் பூசிய இரும்பு (ஜி.ஐ.) ஒயர் பைப்பில் சேரும் இடம் உப்புத் துருவில் முழுக்கத் தின்னப்பட்டிருந்தது. புதிய கிளாம்ப், புதிய ஒயர் போட்டு, இணைப்பின் மேல் கிரீஸ் பூசி, மழை நீர் தேங்காதபடி மூடினார். பிறகு பேஸுக்கும் எர்த்துக்கும் 227, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு வோல்ட்டுக்கும் கீழ்.

புதிய எஸ்.எம்.பி.எஸ். மாட்டிய பின் அளவுகள்: அணைந்த நிலையில் ஊதா 5.07, பட்டனை அழுத்தியதும் பச்சை 0.1-க்குக் கீழ், எல்லா வோல்டேஜும் சரி என்று போர்டுக்குச் சொல்லும் சாம்பல் ஒயர், 8-ஆம் பின், 4.9, ஓடும்போது 12.11, 5.04, 3.34. தேதி நேரம் மாறவில்லை, விண்டோஸ் வழக்கம்போல் எழுந்தது. ஆனால் குற்றம் ஆறிய பிறகு மட்டும் தெரிந்த ஒன்று என்பதால், சூடான நிலையில் எழுந்ததை வைத்து வேலையை முடித்ததாகக் கணக்கிடவில்லை. இரவு முழுக்க சுவர் சுவிட்சை அணைத்து வைத்து, பிரிண்டரும் கீபோர்டும் மாட்டியபடியே காலையில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். முதல் அழுத்திலேயே எழுந்தது, ஊதா 5.05-இல் நின்றது.